மேட்டூர் நீர்மட்டம் தெரிகிறது, என் ஊர் மகசூல் தெரியவில்லையே! – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், கணக்கெடுக்க வருபவரை வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பாதீர்கள், திண்ணையில் உட்கார வைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துப் பதில் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். தண்ணீரும் கொடுத்து, பதிலும் சொல்லிவிடுகிறோம் ஐயா, சொன்னதெல்லாம் எங்கே போகிறது, எங்களுக்கு எப்போது காட்டுவார்கள்? புள்ளியியல் வேலையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வி எனக்கே உறைத்ததால் இந்த மாதப் பக்கங்களை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். பட்டா மாறுதல் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில்.

கேள்வி: 'திறந்த தரவு', 'ஓப்பன் டேட்டா' என்று பேப்பரில் போடுகிறார்கள். எங்களைப் போன்ற சாதாரண ஆளுக்கு அதில் என்ன இருக்கிறது? – ஓமலூர் வாசகர்

ஓமலூர்க்காரர் இதைக் கேட்கலாமா? பக்கத்திலேயே மேட்டூரை வைத்துக்கொண்டு! காலையில் பேப்பரைப் பிரித்தால் ஒரு மூலையில் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை என்று இருக்குமே, அதுதான் திறந்த தரவு. அந்தப் பெயர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அது நம் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று டெல்டாவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரே சொல்வார். யாரும் மனுப் போட்டு வாங்கிய எண் இல்லை அது. அணை நிரம்பினாலும் வருகிறது, சேறு தெரிந்தாலும் வருகிறது, தினமும் அதே அளவுகோலில் வருகிறது. அதைப் பார்த்துத்தான் நாற்று விடலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். சென்னைக்குப் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி ஏரிகள் அப்படி. குடிநீர் வாரியத்தின் தளத்தில் இன்றைய இருப்புக்குப் பக்கத்திலேயே போன வருஷம் இதே நாளில் எவ்வளவு இருந்தது என்றும் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். அந்த ஒரு கட்டத்தால்தான் படிக்காதவருக்கும் அந்த எண் பேசுகிறது.

மற்றதெல்லாம் அப்படி வருவதில்லை, அதுதான் பிரச்சினை. கொள்கை இருக்கிறது. அரசுப் பணத்தில் திரட்டிய, ரகசியம் அல்லாத தரவு பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று 2012-இல் மத்திய அரசு கொள்கை கொண்டுவந்து, அதே வருஷம் டேட்டா டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்தையும் தொடங்கியது. 2017-இல் அதற்கு ஓர் உரிமமும் வெளியிட்டார்கள். தரவை எடுக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், அதை வைத்து வியாபாரமும் செய்யலாம், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொன்னால் போதும். தாராளமான உரிமம்தான். ஆனால் தளத்துக்குள் போய்த் தேடினால் எத்தனையோ கோப்புகள் பல வருஷத்துக்கு முன்பு யாரோ ஏற்றிவிட்டு மறந்தவை. மளிகைக்கடையை இருபத்து நாலு மணி நேரமும் திறந்து வைத்து, உள்ளே போன வருஷத்துப் புளியை வைத்திருப்பது மாதிரி.

கேள்வி: பக்கத்து வருவாய் கிராமத்துக்கு நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டுத் தொகை வந்துவிட்டது. எங்களுக்கு ஒன்றுமில்லை. இரண்டு ஊருக்கும் ஒரே மழை, ஒரே வெள்ளம். யாரைக் கேட்டாலும் 'அறுவடைப் பரிசோதனைப்படி' என்கிறார்கள். அது என்ன பரிசோதனை, எங்கே பார்ப்பது? – மன்னார்குடி வட்டத்து விவசாயி

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பரிசோதனையை என் கையால் எத்தனையோ வயல்களில் செய்திருக்கிறேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் மகசூல் இழப்பைக் கணக்கிடும்போது உங்கள் வயலில் எவ்வளவு போயிற்று என்று தனியாகப் பார்ப்பதில்லை. நெல் மாதிரி முக்கியப் பயிருக்கு ஒரு கிராமத்தில் குறைந்தது நான்கு இடத்தில் அறுத்து எடை போட வேண்டும், அந்தச் சராசரிதான் ஊருக்கே மகசூல். எந்த வயல் என்பதை நாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, சர்வே எண்களிலிருந்து குலுக்கல் முறையில் வரும். வயலுக்குப் போனதும் தென்மேற்கு மூலையில் நிற்க வேண்டும். அங்கிருந்து நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி என்று அதற்கும் குலுக்கல் எண் உண்டு. அந்த இடத்தில் முளை அடித்து, கயிறு கட்டி, 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம். கயிற்றுக்கு உள்ளே வேர் இருக்கும் தூர் கணக்கில் சேரும், வெளியே வேர்விட்டு உள்ளே சாய்ந்திருக்கும் கதிர் சேராது. இதற்கே வரப்பில் சண்டை வரும். பிறகு அறுத்து, அங்கேயே அடித்து, தூற்றி, எடை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 25 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் நானூற்றில் ஒரு பங்கு. சதுரத்தில் 15 கிலோ வந்தால் ஹெக்டேருக்கு 6,000 கிலோ என்று எழுதுவோம், ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் நாற்பது மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் தார்ப்பாயில் அரைக் கிலோ நெல் கூடவோ குறையவோ ஆனால் ஹெக்டேருக்கு 200 கிலோ ஆடிவிடும். ஒரு தடவை இருட்டுகிற நேரத்தில் எடை போட்டுவிட்டு எழுந்தால், தார்ப்பாயின் மடிப்பில் இரண்டு கை நெல் தங்கியிருந்தது. கூட இருந்த வயல்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார், நான் பார்க்கவில்லை. திரும்ப எடை போட்டோம். அவர் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம் பல நாள் யோசித்திருக்கிறேன்.

இழப்பீடு எப்படி வருகிறது என்றால், உங்கள் ஊரின் உத்தரவாத மகசூல் என்று ஒன்று இருக்கும், முந்தைய ஏழு வருஷங்களில் நன்றாக விளைந்த ஐந்தின் சராசரியிலிருந்து கணக்கிடுவது. அது 4,000 கிலோ, இந்த வருஷப் பரிசோதனை 3,000 கிலோ என்றால் கால் பங்கு குறைவு, காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு வரும். பரிசோதனை 4,050 என்று வந்துவிட்டால் இந்தக் கணக்கில் ஒரு பைசாவும் வராது, உங்கள் வயலில் மட்டும் விளைச்சல் போயிருந்தாலும். பக்கத்து ஊருக்கு வந்து உங்களுக்கு வராமல் போனதற்கு இப்படி நேர்மையான காரணமும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தாளைப் பார்க்காமல் நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது.

அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே மூன்று கேளுங்கள்: உங்கள் வருவாய் கிராமத்தின் உத்தரவாத மகசூலும் அதற்குப் பயன்படுத்திய ஏழு வருஷ மகசூலும், இந்தப் பருவத்தில் பரிசோதனை நடந்த சர்வே எண்களும் தேதிகளும், ஒவ்வொன்றிலும் பதிந்த எடைப் படிவத்தின் நகல். மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்துக்கு எழுதலாம், வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் எழுதலாம். தவறான இடத்துக்குப் போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. என்னைக் கேட்டால், மேட்டூர் மட்டம் மாதிரி இந்த எடைகளும் அறுத்த மறுநாளே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டியவை. வயலும் உங்களுடையது, நெல்லும் உங்களுடையது, எடையை மட்டும் தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய் கட்டி வாங்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஆர்.டி.ஐ. போட்டால் 'தகவலைத் தொகுத்து வழங்க இயலாது' என்று ஒரு வரியில் பதில் வருகிறது. இதற்கு மேல் என்ன செய்வது? – விருதுநகர் வாசகி

அந்த ஒரு வரிக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது அம்மா, அதனால் அதில் முட்டிக்கொள்ளாதீர்கள். அலுவலகத்தில் இல்லாத தகவலைப் புதிதாகத் திரட்டித் தொகுத்துத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. எனவே 'எத்தனை பேர், எத்தனை சதவீதம், ஏன்' என்று கேட்காதீர்கள். 'இன்ன பதிவேட்டின் இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரையுள்ள பக்கங்களின் நகல்' என்று கேளுங்கள். இருக்கிற பதிவேட்டைத் 'தொகுக்க இயலாது' என்று சொல்லி மறுக்க முடியாது. தொகுப்பதை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம். எந்த அலுவலகத்தில் என்ன பதிவேடு இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை. அதையும் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி அவர்களே வெளியிட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, கணினிக் கோப்பாகவே கேளுங்கள். 2005-இல் எழுதிய சட்டம் ஆயிற்றே, அதில் டிஸ்கெட், பிளாப்பி, டேப், வீடியோ கேசட், 'அல்லது வேறு மின்னணு முறையில்' பெறும் உரிமை என்று இருக்கும். பிளாப்பியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் இன்று தகவல் அலுவலராக உட்கார்ந்திருக்கலாம், ஆனாலும் அந்தக் கடைசி நாலு சொல் நமக்குப் போதும். கேட்ட வடிவத்திலேயே தர வேண்டும், அலுவலக வேலை அளவுக்கு மீறிப் பாதிக்கப்பட்டால் ஒழிய, என்று 7(9) சொல்கிறது. எக்செல்லில் இருப்பதை அச்செடுத்து, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு, நூறு பக்கம் தபாலில் அனுப்புவது பழைய வழக்கம். விண்ணப்பத்திலேயே 'எக்செல் கோப்பாக மின்னஞ்சலில்' என்று எழுதிவிடுங்கள்.

பெயர்கள் வேண்டாம், எண்கள் மட்டும் போதும் என்றும் ஒரு வரி சேருங்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆர்.டி.ஐ.யின் 8(1)(ஜே) பிரிவில் கை வைத்து, 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒரு காரணமே மறுக்கப் போதும் என்று ஆக்கிவிட்டது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற 8(2) இன்னும் இருக்கிறது, ஆனால் அதற்கு வாதாட வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ சரியில்லையென்றாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கப்புறம் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தேதியை மட்டும் தவற விடாதீர்கள், நல்ல வழக்குகள் பலவும் தேதியில்தான் செத்துப்போகின்றன.

கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். என் மளிகைச் சீட்டில் குறையவில்லையே? யார் வீட்டுக் கணக்கு அது? – பாளையங்கோட்டை வாசகி

முதலில் ஒன்று. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்று அர்த்தம், விலை இறங்கியது என்று அர்த்தமில்லை. சரி, இதை எல்லோரும் சொல்லியிருப்பார்கள். யார் வீட்டுக் கணக்கு என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

நுகர்வோர் விலைக் குறியீடு என்பது ஒரு கற்பனை வீட்டின் மளிகைச் சீட்டு. நாடு முழுக்க நகரங்களில் 1,114 சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் விலை எடுத்து, அந்தச் சீட்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பெருக்கி, மாதாமாதம் 12-ஆம் தேதி வெளியிட்டு வந்தார்கள். விலை எடுப்பவர் அதே கடைக்கு, அதே ரகத்துக்குப் போக வேண்டும். கடைக்காரருக்கு அலுத்துவிடும். "போன தடவை சொன்னதேதான் சார், எழுதிக்கோங்க" என்பார், நாம் எழுதிக்கொள்ளக் கூடாது, விலைப்பலகையைப் பார்க்க வேண்டும். இந்த அளவுக்குப் பார்த்துப் பார்த்து எடுக்கிற விலை, பழைய சீட்டோடு பெருக்கப்பட்டால்?

அதுதான் நடந்தது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 சதவீதப் பங்கு. இது 2011-12-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வருவதற்கு முந்தைய வீடு அது, டிவிடி பிளேயர் இருக்கிற வீடு. ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை புதுக் கணக்கெடுப்பு வந்து சீட்டை மாற்றியிருக்க வேண்டும். 2017-18-இல் எடுக்கவும் எடுத்தார்கள். 2019 நவம்பரில், தரவின் தரம் சரியில்லை, வெளியிட மாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். அதற்குச் சற்று முன்புதான் அதன் அறிக்கை ஒரு பத்திரிகையில் கசிந்திருந்தது: ஒரு ஆளின் சராசரி மாதச் செலவு, விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், 2011-12-ஐவிட 3.7 சதவீதம் குறைந்திருக்கிறது என்று.

தரம் உண்மையிலேயே சரியில்லாமல் இருந்திருக்கலாம். நான் களத்தில் இருந்தவன், எந்தக் கணக்கெடுப்பும் அப்பழுக்கில்லாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரியில்லையென்றால் வெளியிட்டு, இன்ன இடத்தில் சரியில்லை என்று அடிக்குறிப்புப் போட வேண்டும், மற்றவர்களும் பார்த்துச் சொல்லட்டும். பூட்டி வைத்ததால், நன்றாக இருந்ததா கெட்டிருந்ததா என்பதும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது. அதே வருஷம் ஜனவரியில் வேலையின்மைக் கணக்கெடுப்பு அறிக்கை தாமதமாவதை ஒட்டி, தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து மே 31-ஆம் தேதி அந்த அறிக்கை வந்தது, வேலையின்மை 6.1 சதவீதம். இன்றைக்கு அந்த எண்ணைவிட அது வந்த தேதிதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு 2022-23-இல் புதுச் செலவுக் கணக்கெடுப்பு வந்தது. கிராமத்தில் உணவுக்குப் போகும் பங்கு 52.9-இலிருந்து சுமார் 46 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரு ஆளுக்கு மாதம் சராசரி 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். அடுத்து 2023-24-இலும் எடுத்து, 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய குறியீட்டுக்கு மாறியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் உங்கள் மளிகைச் சீட்டு அப்போதும் ஒத்துப்போகாது அம்மா. சராசரி வீட்டைவிடச் சாப்பாட்டுக்கு அதிகப் பங்கு செலவழிக்கிற வீட்டில் தக்காளி ஏறினால் அதிகம் வலிக்கும். உங்கள் சீட்டை ஆறு மாதம் எழுதி வைத்துப் பாருங்கள், உங்கள் வீட்டுக் குறியீடு நீங்களே போட்டுவிடலாம்.

கேள்வி: புள்ளிவிவரம் என்றாலே பொய்தானே சார்? – திருச்சி வாசகர்

பொய்யான எண்ணைப் பத்து வருஷ எண்களோடு வரிசையில் நிறுத்தினால் பல்லைக் காட்டிவிடும். வெளியே வராத எண்ணை எந்த வரிசையில் நிறுத்துவீர்கள்?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா பெயர் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கும்தானே? பார்க்க முடியுமா? – காரைக்குடி வாசகர்

முடியாது. இங்கிலாந்தில் நூறு வருஷம் கழித்துத் திறப்பார்கள், 1921-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஜனவரியில் வெளியாயின. அமெரிக்காவில் 72 வருஷம். நம் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் அப்படி ஒரு கெடுவே கிடையாது. தனி ஆளின் பதிலை யாரும் பார்க்க உரிமை இல்லை, நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கவும் முடியாது. உங்களுக்கு ஏமாற்றம்தான், எனக்கு இதில் சந்தோஷம். கூட்டுத்தொகை எல்லாம் திறந்திருக்க வேண்டும், தனி ஆள் விவரம் மூடியிருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஜனங்கள் உண்மையைச் சொல்வார்கள். அந்தச் சட்டத்தில் இன்னொரு அழகான விதிவிலக்கும் உண்டு: கணவர் பெயரையோ, வழக்கப்படி சொல்லக் கூடாத வேறு பெயரையோ ஒரு பெண் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. சட்டம் எழுதியவர்கள் நம் பாட்டிமாரை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கொள்ளுத்தாத்தாவுக்குக் கிராமக் கணக்குகளையும் பழைய கிரயப் பத்திரங்களையும் தேடுங்கள். நிலம் வைத்திருந்தால் அங்கேதான் இருப்பார்.

கேள்வி: 2021 கணக்கெடுப்பு நடக்காமல் போனதால் நமக்கு நிஜமாகவே என்ன நஷ்டம்? சாதி விவரம் இந்த முறையாவது வெளிவருமா? – வேலூர் வாசகர்

2011-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7,21,47,030. இன்றும் பல திட்டங்களில் அதே எண்தான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நாடு முழுக்க 81.35 கோடிப் பேர் என்ற வரம்பு 2011-ஐ வைத்துப் போட்டது. அப்போது கைக்குழந்தையாகக் கணக்கில் வந்தவர் இப்போது பத்தாவது முடித்திருப்பார், அப்போது பிறக்காதவர் கணக்கிலேயே இல்லை. தமிழ்நாட்டில் எல்லாருக்கும் ரேஷன் என்பதால் நமக்கு அவ்வளவாகத் தெரியவில்லை, மற்ற மாநிலங்களில் அட்டைக்கு வரிசையில் நிற்பவருக்குத் தெரியும். மாதிரிக் கணக்கெடுப்புகள் பலவும் எந்த ஊரில் எத்தனை வீடு என்ற பட்டியலை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்துதான் எடுக்கின்றன. அந்தப் பட்டியல் பழசானால் அதன் மேல் கட்டியதெல்லாம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும்.

2027 மார்ச் 1-ஆம் தேதியைக் கணக்கு நாளாக வைத்து, சாதியையும் சேர்த்து எடுப்பதாக 2025 ஜூனில் அறிவிக்கை வந்தது. வெளிவருமா என்றால், எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு என்பதற்கு 2011-லேயே உதாரணம் இருக்கிறது. அந்த ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் வீடு வீடாகச் சாதி கேட்டார்கள், அந்த எண்கள் வெளியிடப்படவே இல்லை. முழுமையாக வெளிவந்த கடைசிச் சாதிவாரி எண் 1931-ஆம் ஆண்டுடையது. இந்த முறையும் வெளியிடும் தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: அரசுத் தளத்தில் தமிழில் உள்ள பிடிஎப்-இலிருந்து காப்பி செய்து ஒட்டினால், தமிழ் எழுத்துக்குப் பதில் ஆங்கில எழுத்தும் கமாவும் ஆச்சரியக்குறியுமாக வருகிறது. என் கணினியில் கோளாறா? – ஈரோடு வாசகர்

உங்கள் கணினி நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கோப்பு, எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் யுனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துருவில், பெரும்பாலும் வானவில் மாதிரி ஒன்றில், தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அதில் கண்ணுக்குத்தான் 'அ', கணினிக்கு அது ஏதோ ஓர் ஆங்கில எழுத்து. 2010-லேயே தமிழ்நாடு அரசு யுனிகோடுக்கும், தமிழுக்கென்றே உள்ள டேஸ்-16 குறியீட்டு முறைக்கும் மாறச் சொல்லி ஆணை போட்டாயிற்று, ஆனால் தட்டச்சு செய்பவரின் விரல் பழகியது பழகியதுதான். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒட்டினால் யுனிகோடாக மாற்றித் தரும். அதைவிட மோசம், அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, சாய்வாக ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎப். வெளியிட்டதும் ஆயிற்று, யாரும் பயன்படுத்த முடியாமலும் ஆயிற்று. அட்டவணை இருக்கும் கோப்பு எதுவானாலும் எக்செல்லாகவோ சிஎஸ்வி-யாகவோ போடுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். பத்துப் பேர் எழுதினால் மாற்றுவார்கள், மாற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பக்கத்துக்கும் ஏதாவது சொல்லுங்கோ. வடக்கின் பழைய எண்ணிக்கைகளை எதோடு ஒப்பிடுவது? – யாழ்ப்பாண வாசகர்

உங்கள் பக்கம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் ஓட்டையே இருக்கிறது. 1981-க்குப் பிறகு 2001-இல் எடுத்தபோது 18 மாவட்டங்களில்தான் முழுமையாக எடுக்க முடிந்தது, மீதி யுத்தம். நாடு முழுக்க அடுத்தது 2012-இல்தான். ஆகவே வடக்குக்கு 1981, 2012, 2024 என்று மூன்று படிதான், நடுவில் முப்பது வருஷம் இருட்டு. 1981-ஐயும் 2012-ஐயும் நேராக ஒப்பிட்டு 'குறைந்தது, கூடியது' என்று எழுதுவோர் அந்த முப்பது வருஷத்து இடப்பெயர்வையும் ஒரு வரியாவது எழுத வேண்டும். 2016-ஆம் ஆண்டின் உங்கள் தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. அந்த விஷயத்தில் எங்களைவிட நீங்கள் பத்து ரூபாய் முன்னால் நிற்கிறீர்கள்.

கேள்வி: கல்லூரிப் புராஜெக்டுக்கு எங்கள் ஊரைப் பற்றிய தரவு வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை ஐயா. – தருமபுரி மாணவி

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தளத்தில் 2011-க்கான 'மாவட்டக் கையேடு' என்று மாவட்டத்துக்கு ஒன்று இருக்கும், இலவசம். அதில் கிராம அடைவு என்ற பகுதியில் ஊருக்கு ஊர் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பேருந்து, பாசனம், இல்லையென்றால் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் என்றுகூட இருக்கும். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்கக் குறியீடு உண்டு, முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள், ஒரே பெயரில் மாவட்டத்துக்கு மூன்று புதூர் இருக்கும், குறியீடு ஒன்றுதான்.

மாநில அளவில் வேண்டுமென்றால் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் பருவ, பயிர் அறிக்கை இருக்கிறது. குடும்பச் செலவு, வேலைவாய்ப்பு போன்றவற்றுக்கு மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பெயர் நீக்கிய வீட்டுவாரி விவரங்களே கிடைக்கின்றன, பதிவு செய்தால் போதும். ஆனால் அதில் கை வைப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் 'மல்டிப்ளையர்' என்று ஒரு எண் இருக்கும். கணக்கெடுத்த ஒரு வீடு வெளியே எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறது என்பது அது. அதைப் பெருக்காமல் சராசரி போட்டால் உங்கள் புராஜெக்ட் காலி. வழிகாட்டி ஆசிரியரும் கவனிக்காமல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலையாகக் கிராம அடைவில் உங்கள் ஊர் வரியை எடுத்துக்கொண்டு, ஊருக்குள் ஒரு சுற்று நடந்து போய் ஒவ்வொரு கட்டமாகச் சரிபாருங்கள். பள்ளிக்கூடம் இருக்கிறது என்று போட்டு அங்கே இல்லாமல் இருந்தாலோ, இல்லை என்று போட்டு இருந்தாலோ எனக்கு எழுதுங்கள், அந்த வரியை இங்கே போட்டுவிடலாம்.